ஏலத்தில் போன முதல் ஸ்விட்ச்

என் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். செத்துப்போன ஸ்விட்ச்சைக் கண்டால் திறந்து பார்க்காமல் இருக்க மாட்டார். கல்யாணமான புதிதில் சிகந்திராபாத் மெட்டுகுடாவில் என் சித்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். சித்தி இலை போட்டுக் கறி பரிமாறிவிட்டு மாப்பிள்ளையைத் தேடினால் ஆளைக் காணோம். திடீரென்று வீட்டில் எல்லா ஃபேனும் நின்றுவிட்டது. மனுஷன் மெயினை அணைத்துவிட்டு, பின்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, பாத்ரூம் ஸ்விட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். மே மாதம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வேர்த்து வழிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் வேலையும் அதுதான். நாச்சாரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. கிரைண்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போடுகிற ஸ்விட்ச் செய்கிறார்கள். மாமனார் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், மகனும் ரயில்வேக்குத்தான் வருவான் என்று நினைத்திருந்தார். இவர் ஐ.டி.ஐ. முடித்த கையோடு நாச்சாரத்துக்குப் போனவர் முப்பத்தெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். டெஸ்டிங் பிரிவு. அங்கே ஒரு மெஷின் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஸ்விட்ச்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து எண்ணிக்கொண்டே இருக்கும். எது செத்துப்போகிறதோ அதை இவர் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று ஒரு சின்ன அட்டையில் பொடிப்பொடியாக எழுதி நூலால் கட்டிவிடுவார். வாடிக்கையாளர் திருப்பியனுப்புகிற ஸ்விட்ச்சுக்கும் அதே மரியாதைதான்.

பொறுமைசாலி என்று எல்லாரும் அவரைச் சொல்வார்கள். ஆமாம், பொறுமை அவருக்கு, வயிற்றெரிச்சல் எனக்கு. பழைய முதலாளி அறையில் ஒரு பேட்டன்ட் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ஏணியில் நின்று வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன் ஸ்விட்ச்சின் திருகை முழுசாகத் தளர்த்தினாலும் அது கீழே விழாது, அப்படியே தொங்கும். அந்தத் திருகை யோசித்தது என் வீட்டுக்காரர். சான்றிதழில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருப்பது பழைய முதலாளியின் பெயர், அதுவும் தனியாக. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். நான் போய் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு, கொடுக்கிற காபியைத் தொடாமல் வைத்துவிட்டு வருவேன். இருபது வருஷமாக அந்தக் காபி ஆறியிருக்கிறது. ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பழைய முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நடத்துவது அவர் மகன் நந்தகுமார். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ், நல்ல பிள்ளை. போன வருஷம் வெயில் காலத்தில் இவர் ஒரு புது ஸ்விட்ச் செய்து காட்டினார். விஷயம் சின்னதுதான். ஸ்விட்ச்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே இரண்டு உலோகப் பாயின்ட் தொட்டுப் பிரிகிற இடத்தில் தீப்பொறி பறக்கும். எப்போதும் ஒரே இடத்தில் பறப்பதால் அந்த இடம் கருகிக் குழி விழுந்து, ஒரு நாள் ஸ்விட்ச் செத்துப்போகும். இவர் ஒரு பாயின்டை வட்டமான தட்டாகச் செய்தார். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் தட்டு ஒரு பல் தள்ளித் திரும்பிக்கொள்ளும். அடுத்த பொறி வேறு இடத்தில் விழும். தட்டு முழுவதும் மாறி மாறித் தேய்வதால் ஆயுள் பல மடங்கு. டெஸ்ட் மெஷின் எண்ணி எண்ணிச் சலித்துப்போயிற்றாம், ஸ்விட்ச் சாகவில்லையாம்.

நந்தகுமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதற்குப் பேட்டன்ட் எடுக்கிறோம் அண்ணே, கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர்தான் வரும் என்று சொன்னாராம். வீட்டில் வந்து சொன்னபோது நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். வருகிற மார்ச்சில் அவருக்கு ரிட்டயர்மென்ட். போகும்போது ஒரு சால்வை போடுவார்கள், ஒரு கடிகாரம் கொடுப்பார்கள், அது யாருக்கு வேண்டும்? ஒரு காகிதத்தில், ஒரே ஒரு சர்க்கார் காகிதத்தில், கண்டுபிடித்தவர் தேவசகாயம் என்று இருக்க வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. அவருக்குக்கூட அவ்வளவு இல்லை, எனக்குத்தான்.

அதைக் கெடுத்ததும் நானேதான். கேளுங்கள்.

எங்கள் சர்ச்சில் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. திருநெல்வேலிப் பக்கம் வயலில் விளைந்ததில் முதல் படி நெல்லை, தோட்டத்தின் முதல் வாழைத்தாரைக் கொண்டுவந்து முதற்பலன் என்று கர்த்தருக்குக் காணிக்கை வைப்பார்கள். சிகந்திராபாத்தில் வயலுக்கு எங்கே போவது? இங்கே முதல் மாதச் சம்பளம் வைப்பார்கள், புதிதாக வாங்கிய ஓவனில் செய்த முதல் கேக் வைப்பார்கள். மொட்டைமாடிச் செடியில் காய்த்த ஒற்றைக் கத்தரிக்காய்கூட வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். புது ஸ்விட்ச்சில் சரியாக ஓடிய முதல் பீஸை இவர் மேஜை டிராயரில் வைத்திருந்தார். நான்தான் பிடித்துக்கொண்டேன். கையால் செய்ததில் முதலாவது அது, அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, காணிக்கை வைக்க வேண்டாமா என்று. அவர் நந்தகுமாரிடம் கேட்டார். அந்தப் பிள்ளைக்கும் பேட்டன்ட் சட்டம் என்ன தெரியும்? சாமி காரியம்தானே, கொண்டுபோங்க அண்ணே என்று சொல்லிவிட்டார்.

ஏலம் நடந்தபோது நான் அங்கே இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தோசைக் கடை ஹாலுக்குப் பின்னால். நான்தான் கல்லுக்கு முன்னால் நின்றேன். ஏலம் விடுகிறவர் எட்வர்ட், சர்ச்சின் செக்ஸ்டன். மணி அடிப்பதிலிருந்து தண்ணீர் மோட்டார் போடுவது வரை எல்லாம் அவர்தான். கடைசியில் ஸ்விட்ச்சை அவரே ஏலத்தில் எடுத்து, சர்ச்சின் தண்ணீர் மோட்டாருக்கு மாட்டிவிட்டார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். சந்தோஷமாக இருந்தது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அதற்குப் பிறகு சங்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்தால் தோசைக்கல் அக்கா வருகிறாள் என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு நாலு தோசை தீய்ந்தது உண்மைதான். அதற்காக இப்படியா? இரண்டு வாரம் நான் கூட்டத்துக்கே போகவில்லை.

போன பிப்ரவரியில்தான் பேட்டன்ட் ஏஜென்ட் வந்தார். ஷோபா என்று பேர், பேகம்பேட்டில் ஆபீஸ், கண்டிப்பான மனுஷி. ஸ்விட்ச்சைப் பிரித்துப் பார்த்து, படம் வரைந்து வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இதற்கு முன் இதை வெளியில் எங்கேயாவது காட்டினீர்களா, விற்றீர்களா, இதைப் பற்றிப் பேசினீர்களா என்று.

"மூணும் பண்ணியிருக்கேன் மேடம், சர்ச்சுல" என்று இவர் சொல்லிவிட்டார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார், பால் பாக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரலில். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஊருக்குத் தெரிந்துவிட்ட பொருளுக்குப் பேட்டன்ட் கிடையாதாம். சீல் வைத்த ஸ்விட்ச்சை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றால் வாதாட இடம் உண்டாம். ஆனால் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று வாயால் சொல்லியிருந்தால் அதோடு போயிற்றாம். எங்கள் சர்ச்சில் ஆராதனையிலிருந்து ஏலம் வரை எல்லாவற்றையும் யூடியூபில் போடுகிறார்கள். அந்த வீடியோவைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டு ஷோபா போய்விட்டார்.

மைக்கில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். போதகர் திடீரென்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார், என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை என்றார். அந்த மேடத்திடம் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று நான் கத்தினேன்.

"கேட்டாங்க ஸ்டெல்லா. கேட்டா சொல்லணும்லா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நான் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்று எனக்கே தெரியும். டிராயரில் கிடந்த பொருளைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னது யார்?

மறுநாள் சனிக்கிழமை. முதல் வேலையாக சர்ச்சுக்குப் போய் எட்வர்டைப் பிடித்தேன். ஸ்விட்ச்சைத் திறந்தீர்களா என்று கேட்டேன். மோட்டார் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பின்பக்க ரிவெட் நான்கும் போட்டபடி இருந்தது. மாட்டியதிலிருந்து நாளைக்கு நாலு தடவை போடுகிறேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை என்றார். சரி, ஒரு பாரம் இறங்கியது. ஏலத்தில் அவர் என்ன பேசினார் என்று கேட்டால், எட்வர்டுக்கு எந்தக் கோழி யாருக்குப் போயிற்று என்பதுதான் ஞாபகம். ஏதோ நல்லாத்தான் பேசினார், ஜனங்கள் சிரித்தார்கள் என்றார். சிரித்தார்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஸ்விட்ச்சின் உட்புறத்தைக் கேட்டு யார் சிரிப்பார்கள்?

ஆனாலும் எதற்கு வம்பு. வீடியோவை எடுத்துவிட்டால் அனுப்புவதற்கு ஒன்றுமே இருக்காது. அது பொய்தான். தெரிந்தேதான் நடந்தேன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு பொய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கிற பிளெசி வீட்டுக்குப் போனேன். பிளெசிக்கு பேங்கில் வேலை. சர்ச் வீடியோ எல்லாம் அவள் பொறுப்பு. தமிழ் நன்றாகப் புரியும், பேசுவதுதான் பாதி தெலுங்கும் பாதி இங்கிலீஷுமாக வரும்.

அக்டோபர் பண்டிகை வீடியோவை எடுத்துவிடு என்றேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இத்தனை மாதத்தில் நாற்பத்தேழு பேர்தான் பார்த்திருக்கிறார்கள் என்றாள். நாற்பத்தேழு பேர். அதில் பாதி கனடாவில் இருக்கிற எங்கள் ஜனங்களாகத்தான் இருக்கும். அழிக்கிற இடத்தில் கை வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிலீட் பண்ணா திரும்ப ராது ஆன்ட்டி. அங்கிள் ஸ்பீச் நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். அவள் ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்கு ஓட்டி, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

எட்வர்ட் ஸ்விட்ச்சைத் தூக்கிக் காட்டி, இது முட்டை போடாது, கூவாது, ஆனால் தட்டினால் தண்ணீர் வரும் என்று ஏதோ சொல்கிறார். ஜனங்கள் சிரிக்கிறார்கள். பிறகு இவர் நிற்கிறார். நான் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"எனக்குப் பேச வராது. இது நான் கண்டுபிடிச்சதுன்னு போதகர் ஐயா சொன்னாங்க. அது பாதிதான் சரி. ஸ்விட்ச்சுல எப்பவும் ஒரே இடத்துலதான் பொறி படும். அந்த இடம் கருகிப்போகும். முப்பது வருஷமா அதத் திறந்து திறந்து பாக்கேன், வழி தெரியல. எங்க வீட்டு அடுப்புல ஒரு பக்கம்தான் தீ எரியும். சரி பண்ணுங்கன்னு ஸ்டெல்லா ஒரு வருஷமா ஏசுதா, நான் பண்ணல. அதனால அவ ஒவ்வொரு தோசைக்கும் கல்லக் கொஞ்சம் திருப்பி விடுவா. ஒரே இடம் கருகாது. ஒரு நாள் சாப்பிட உக்காந்து அதப் பாத்துட்டு இருந்தேன். அவ்வளவுதான். இதுக்குள்ள ஒரு தட்டு இருக்கு, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பல்லு திரும்பும். வேற ஒண்ணும் இல்ல. அடுப்பச் சரி பண்ணியிருந்தா இது வந்திருக்காது."

ஜனங்கள் சிரித்து அடங்குகிறார்கள். எட்வர்ட் மைக்கை வாங்கக் கை நீட்டுகிறார். இவர் கொடுக்கவில்லை.

"முதற்பலன்னு என் பேர வாசிச்சாங்க. ஸ்டெல்லா பேரத்தான் வாசிச்சிருக்கணும். அவ பின்னால தோசை சுட்டுட்டு இருக்கா. அவளுக்குக் கேக்காது."

கேட்கவில்லைதான். இருபது அடி தூரத்தில் கல்லைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன், கேட்கவில்லை.

பிளெசி டிஷ்யூ டப்பாவை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை நல்லா இருக்கு என்றுகூட ஒரு தடவை சொன்னதில்லை. சொன்ன ஒரே நாளில் நாற்பத்தேழு பேர் பார்க்கிற இடத்தில் சொல்லி, தன் பேட்டன்டையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். ஸ்விட்ச்சின் உள்ளே இருப்பதை அவ்வளவு தெளிவாக எந்த இன்ஜினியரும் சொல்லியிருக்க முடியாது. சங்கத்துப் பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாவம், அவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தேன்.

"எடுத்துடட்டா ஆன்ட்டி?" என்று பிளெசி கேட்டாள்.

"நக்கோ, வேண்டாம். இருக்கட்டும்" என்றேன். லிங்க்கை அனுப்பிவிடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, வீடியோ பார்த்தேன் என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள், ஒரு பல்லுகூட மிச்சமில்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் எத்தனை பிரியம் என்பதை அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாவு இருந்தது, தோசை ஊற்றினேன்.

ஷோபா வீடியோவைப் பார்த்துவிட்டு ஃபோனில் நந்தகுமாரிடம் சொன்னது இதுதான். படித்தவர்கள் கூடுகிற விஞ்ஞானக் கழகத்தில் கட்டுரையாக வாசித்திருந்தால் சட்டத்தில் ஒரு வருஷம் வரை சலுகை உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. திரும்புகிற தட்டு இனி ஊருக்குப் பொது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நந்தகுமார் இரண்டு நாள் இவரோடு பேசவில்லை. கொண்டுபோகச் சொன்னது தானும்தான் என்பது மூன்றாவது நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. வந்து மேஜை பக்கத்தில் நின்று, சாப்டீங்களா அண்ணே என்று கேட்டாராம்.

அந்த வாரமே ஷோபா மறுபடி வந்தார். அக்டோபருக்குப் பிறகு இதில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, ஜனவரியில் ஒரு சின்ன வேலை செய்தேன், அது சொல்கிற அளவுக்கு இல்லை என்றாராம். சில சமயம் தட்டு ஒரு பல் முன்னே போய்விட்டு மறுபடி பின்னால் வழுக்கிவிடும். அதைத் தடுக்க நகக்கண் அளவில் ஒரு ஸ்பிரிங் நாக்கு வைத்திருந்தார். தட்டு முன்னே போகும்போது வழிவிடும், பின்னே வரும்போது பிடித்துக்கொள்ளும். அதை யாரிடமாவது காட்டினீர்களா என்று ஷோபா கேட்டார். ஜனவரியில் பண்டிகை எதுவும் இல்லையே மேடம் என்று நந்தகுமார் பதில் சொன்னாராம். அந்தக் கண்டிப்பான மனுஷி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

தட்டு போயிற்று, நாக்கு இருக்கிறது. அந்த நாக்குக்கு மட்டும் விண்ணப்பம் போட்டு, சென்னை பேட்டன்ட் ஆபீஸுக்கு அனுப்பியாகிவிட்டது. சான்றிதழ் வர இன்னும் சில வருஷம் ஆகுமாம், வராமலும் போகலாமாம். விண்ணப்பத்தின் நகல் ஒன்றை நந்தகுமார் கொடுத்தார். இவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் வைத்தார்.

முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தேவசகாயம். வேறு யாரும் இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் பெயர் படிக்கிற அளவுக்குத்தான் வரும். மீதியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில், இதற்கு முன் உலகத்துக்குத் தெரிந்திருந்தது என்ன என்று எழுத வேண்டுமாம். மறைக்கக் கூடாது என்று ஷோபா உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார். அக்டோபர் மாதம் சிகந்திராபாத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு பல் திரும்பும் தட்டு விவரிக்கப்பட்டது. பேசியவர், தம் மனைவி ஒவ்வொரு தோசைக்கும் கல்லைச் சிறிதளவு திருப்பும் முறையை அதற்கு உதாரணமாகக் கூறினார்.

மறுபடி படியுங்கள் என்றேன். படித்தார்.

"மனைவின்னுதான் போட்டிருக்கா? பேர் போடலையா?" என்று கேட்டேன். சண்டை போடத்தான் கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். செத்துப்போன ஸ்விட்ச்சுக்கெல்லாம் காரணம் எழுதுகிற அதே பொடி எழுத்தில், அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில், ஸ்டெல்லா என்று எழுதினார். எழுதிவிட்டு, மை காயட்டும் என்று காகிதத்தை ஃபேனுக்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நகல் எங்கள் சமையலறையில் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினேன். வருகிற மார்ச்சில் ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக அடுப்பைச் சரி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் கை வைத்தால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டேன்.